எந்தக் குறிப்புக்கு எவ்வளவு மதிப்பு?

விடுதிப் பாடசாலைக்கு விண்ணப்பித்த வீட்டில், நேர்முகத் தேர்வு முடிந்த அன்றிலிருந்து வேறு பேச்சு இருக்காது. அதிபர் மகனின் தோளில் தட்டிக்கொடுத்தார். மற்றவர்களைப் பத்து நிமிடத்தில் அனுப்பியவர் நம்மை அரைமணி நேரம் வைத்துப் பேசினார். எழுந்து வரும்போது "அறிவிக்கிறோம்" என்றார், அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தொலைபேசி இலக்கத்தைச் சரிபார்க்கவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இவையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்பா நம்பிக்கைக்குக் காரணம் சேர்ப்பார், அம்மா சந்தேகத்துக்குச் சேர்ப்பார். கொழும்பிலிருக்கும் மாமா தொலைபேசியில் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படியா சொன்னாரு? அப்ப எடம் கெடைச்ச மாதிரிதான்" என்று முடித்துவிடுவார்.

பாடசாலை வாய் திறக்காத நாட்களில் அது செய்ததையெல்லாம் பதிலாக எடுத்துக்கொள்வது இயல்புதான். அதில் பிழையில்லை. எல்லாக் குறிப்புக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பதில்தான் பிழை இருக்கிறது. தோளில் தட்டியதும், விடுதிப் பொறுப்பாளர் பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா என்று கேட்டதும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்கும் இந்தப் பாடசாலை இதையே செய்திருக்குமா? கேள்வி எளிது. அதற்குச் சரியான விடை காண, இந்தப் பாடசாலைகள் எப்படி வந்தன, எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன, உள்ளே எதை எண்ணுகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஊவா மாகாணத்தின் மலைகளுக்கு விடுதிப் பாடசாலை வந்ததில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரிய பங்கு உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்தக் காலகட்டத்தில் தலைநகரின் பெரிய பாடசாலைக் கட்டடங்கள் படையினரின் பாவனைக்கு எடுக்கப்பட்டன. கல்கிசை சென் தோமஸ் கல்லூரியின் ஒரு பகுதி அதே ஆண்டில் வெலிமடைக்கு அருகே குருதலாவைக்கு வந்தது. லெஸ்லி டி சேரம் கொடுத்த நிலத்தில், ஆர். எல். ஹேமன் தலைமையில் அது தனிப் பாடசாலையாக வேரூன்றியது. கொழும்பு விசாகா வித்தியாலயம் பண்டாரவளைக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்து மாணவிகள் திரும்பிய பின்பும் அந்தப் பெயரில் ஒரு பெண்கள் பாடசாலை இங்கே நிலைத்துவிட்டது. 1924இல் பதுளைவரை எட்டிய ரயில் பாதையும், நாலாயிரம் அடி உயரத்துக் குளிரும், கொழும்பிலிருந்து பிள்ளைகளை அனுப்பத் தோதாக இருந்தன.

இவை சுற்றியிருந்த தோட்டங்களை நினைத்துத் தொடங்கிய பாடசாலைகள் அல்ல. கொழும்புக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைக் குண்டுவீச்சிலிருந்து தள்ளி வைக்கத் தேடிய இடங்கள். அதே ஆண்டுகளில், வேலிக்கு இந்தப் பக்கம், தொழிலாளரின் பிள்ளைகளுக்கு லயத்துக்கு அருகிலிருந்த தோட்டப் பாடசாலையே கதி. அவற்றை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அப்பாவும் தாத்தாவும் படித்த பாடசாலையில் மூன்றாம் தலைமுறையைச் சேர்க்கும் குடும்பத்துக்கு, எந்தக் கடிதம் எப்போது வரும், எந்தப் பேச்சை நம்பலாம் என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்த விஷயம். தோட்டத்திலிருந்து முதன்முறையாக விண்ணப்பிக்கும் வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. மாமாவின் தீர்ப்புக்கு அவ்வளவு செல்வாக்கு இருப்பது இதனால்தான்.

அடுத்தது சட்டம். 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்றுவந்த பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. சில பாடசாலைகள் மட்டும் அரச உதவி வேண்டாம் என்று தனியாகவே நின்றன, சென் தோமஸ் அவற்றுள் ஒன்று. அப்படி நின்ற பலவற்றுக்கு உதவியும் நின்றது, கல்விக்கெனக் கட்டணம் வாங்கும் வழியும் அடைபட்டது. வசதிக் கட்டணம், நன்கொடை, பழைய மாணவர் சங்கத்தின் கைகொடுப்பு என்று அவை காலம் தள்ளின. இன்றுவரை தொடரும் நன்கொடைப் பழக்கத்துக்கும், பழைய மாணவருக்கு இருக்கும் செல்வாக்குக்கும் ஒரு வேர் அங்கே இருக்கிறது. புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் கதவையும் அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. 1977க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகப் பதிவானவை.

ஆகவே விண்ணப்பிக்கும் பெற்றோரின் முன்னே மூன்று வகைப் பாடசாலைகள் இருக்கின்றன, மூன்றிலும் குறிப்பு ஒரே விதமாகப் பேசாது. அரச பாடசாலைக்கு எழுதிய விதி உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எடுத்த புள்ளி, அந்தப் பாடசாலைக்கு அந்த மொழிமூலத்துக்கு வந்த வெட்டுப்புள்ளி, இரண்டையும் ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து மத்திய கல்லூரிகளின் விடுதிகளில் ஏழைப் பிள்ளைகள் இடம்பிடித்ததும் இந்த வழியில்தான். அதிபர் சிரித்தாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கம்பனியாக நடக்கும் சர்வதேசப் பாடசாலையில் இடம் விற்பனைப் பொருள். இடம் காலியாக இருக்கும்வரை எல்லோரிடமும் ஆர்வம் காட்டுவது அங்கே வேலையின் ஒரு பகுதி. வாரத்துக்கு இரண்டு அழைப்பு வருவதற்கு, உங்கள் பிள்ளையின் திறமை காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பவை மிஷன் வழியும் அறக்கட்டளை வழியும் வந்த பழைய தனியார் பாடசாலைகள். வெட்டுப்புள்ளி போல வெளியிட்ட ஓர் எண் அங்கே இல்லை, வருகிறவர்களையெல்லாம் சேர்க்கும் தேவையும் இல்லை. குறிப்புகளைப் படிக்கும் சிரமம் முழுவதும் இந்த நடுவகையில்தான்.

இனி உள்ளே போவோம். வகுப்பில் ஒரு மேசை கூடுதலாகப் போடலாம், விடுதியில் ஒரு கட்டில் கூடுதலாகப் போட முடியாது. அதனால் விடுதிப் பாடசாலை முதலில் எண்ணுவது கட்டிலைத்தான். எத்தனை பேர் இந்த ஆண்டு சாதாரண தரம் முடித்துப் போகிறார்கள், சின்னப் பிள்ளைகளின் கூடத்தில் எத்தனை இடம், ஆண் பெண் இரு பாலாருக்கும் விடுதி இருந்தால் எந்தப் பக்கம் காலி என்ற கணக்கு நேர்முகத்துக்கு முன்பே அலுவலகத்தில் இருக்கும். தரம் 6 பெரிய வாசல். சாதாரண தரம் முடிந்து உயர்தரத்துக்குச் சேரும்போது இன்னொரு வாசல் திறக்கும். இடைப்பட்ட வகுப்புகளில் யாராவது விலகினால்தான் இடம். தரம் 7க்கு வந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு இடமில்லாமல் போவதும், தரம் 6க்கு வந்த சுமாரான பிள்ளைக்குக் கிடைப்பதும் இதனால் நடக்கும். மறுப்புக் கடிதத்தைப் பிள்ளையின் திறமை மேல் எழுதிய தீர்ப்பாகப் படிக்கும் பெற்றோர், பல வேளைகளில் ஒரு கட்டில் கணக்கைப் படித்துவிட்டு மகனைத் திட்டுகிறார்கள்.

கட்டிலுக்கு மேல் மற்றக் கணக்குகள் வரும். உடன்பிறந்தோர் ஏற்கனவே அங்கே படிக்கிறார்களா, மிஷன் பாடசாலையானால் அந்தச் சபைக் குடும்பமா, கிரிக்கெட் அணிக்கு ஆள் வேண்டியிருக்கிறதா, தமிழ் மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம். இவற்றில் பாதி உங்கள் கையில் இல்லாதவை. அதைத் தெரிந்துகொள்வதே ஒரு நிம்மதி.

இப்போது குறிப்புகளுக்கு வரலாம். கணக்குக்காக, 100 பிள்ளைகள் நேர்முகத்துக்கு வந்தார்கள், 20 இடம் என்று வைத்துக்கொள்வோம். எதுவுமே தெரியாத நிலையில் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. "கெட்டிக்காரப் பிள்ளை" என்று அதிபர் சேர்க்கப்போகும் 20 பேரிடமும் சொல்கிறார், சேர்க்காத 80 பேரில் 60 பேரிடமும் சொல்கிறார். நல்ல மனிதர், குழந்தையின் முகத்தை வாடவிட விரும்பாதவர். பாராட்டுப் பெற்றவர்கள் 80 பேர், அவர்களில் இடம் கிடைப்பது 20 பேருக்கு. வாய்ப்பு நான்கில் ஒன்று. ஐந்தில் ஒன்று நான்கில் ஒன்றாகியிருக்கிறது, அவ்வளவே. வீட்டில் அதைக் கொண்டாடிய விதத்தைப் பார்த்தால் பத்தில் ஒன்பது என்று தோன்றும்.

இன்னொரு குறிப்பை எடுப்போம். விடுதிப் பொறுப்பாளர் தனியே அழைத்து, இரவில் பிள்ளை படுக்கையை நனைக்குமா, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, மரக்கறிச் சாப்பாடா, விடுமுறைக்கு அழைத்துப்போக யார் வருவார் என்று குறித்துக்கொள்கிறார். சேரப்போகும் 20 பேரில் 18 பேரிடம் இதைக் கேட்கிறார், சேராத 80 பேரில் 6 பேரிடம்தான் கேட்கிறார். கேட்கப்பட்ட 24 பேரில் 18 பேருக்கு இடம், அதாவது நான்கில் மூன்று. முதல் குறிப்பு இனித்தது, இரண்டாவது சங்கடமாக இருந்தது. ஆனால் மதிப்பு இரண்டாவதற்குத்தான்.

இந்த வேறுபாட்டின் அடியில் செலவு இருக்கிறது. பாராட்டுக்கு எந்தச் செலவும் இல்லை, எல்லோருக்கும் கொடுக்கலாம். பொறுப்பாளர் தனியே ஒதுக்கும் நேரத்துக்குச் செலவு உண்டு, இடம் கொடுக்க நினைக்காத பிள்ளைக்கு அதைப் பெரும்பாலும் செலவழிக்க மாட்டார். ஒன்றை வெளிப்படுத்த ஒருவர் எவ்வளவு இழக்கத் தயார் என்பதில்தான் அந்த வெளிப்பாட்டின் நம்பகம் இருக்கிறது என்ற எண்ணத்தைப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தையை வைத்து விளக்கினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இவ்வழியிலான ஆய்வுகளுக்காகவே. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. பெண் பார்த்துவிட்டு "போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்தவர்களை யாரும் நம்பி இருப்பதில்லை. நாள் பார்க்க ஜோசியரிடம் போனார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள்.

செலவு என்ற அளவை வைத்துக்கொண்டு பார்த்தால் பல குறிப்புகள் தாமாகவே தத்தம் இடத்தில் அமரும். பாடசாலையைச் சுற்றிக் காட்டியதற்கு மதிப்பு குறைவு, வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டுவார்கள். மெத்தை, போர்வை, இரும்புப் பெட்டி என்று விடுதிக்கான பொருட்பட்டியல் கையில் கிடைத்ததற்கும் மதிப்பு குறைவு, அது விண்ணப்பப் படிவத்தோடு சேர்ந்தே வருவதுண்டு. இன்ன திகதிக்குள் பதில் சொல்லுங்கள், அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம் என்றால் மதிப்பு அதிகம், அந்த இடத்தை அத்தனை நாளும் வேறு யாருக்கும் கொடுக்க முடியாமல் பாடசாலை தன் கையைக் கட்டிக்கொள்கிறது. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கணிதப் புள்ளி இரண்டாம் தவணையில் ஏன் இறங்கியது என்று கேட்டால் அதற்கும் மதிப்பு உண்டு, யாரோ உட்கார்ந்து அறிக்கையைப் படித்திருக்கிறார்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியாகச் சில குறிப்புகள் உண்டு. சாதாரண தரத்துக்குச் சமயம் ஒரு பாடம். சைவநெறி கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா, தமிழ் யார் எடுக்கிறார், வகுப்பு எந்த மொழிமூலம் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வரும் பதில், உங்கள் பிள்ளையை அந்த வகுப்பில் உட்காரவைத்து இன்னும் எவரும் யோசித்துப் பார்க்கவில்லை என்பதைக் காட்டும். ஆசிரியர் யார், எந்தக் கிழமை, எத்தனை பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள் என்று விடை வந்தால், அங்கே ஏற்கனவே வழி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இடம் கிடைக்குமா என்பதற்கு அப்பால், கிடைத்தால் பிள்ளை எப்படி இருப்பான் என்பதையும் இந்த ஒரு பதில் காட்டிவிடும்.

எல்லாவற்றையும்விடக் கனமான குறிப்பு விடுகைப் பத்திரம். பழைய பாடசாலையிலிருந்து விலகினால்தான் அது கையில் வரும். அதைக் கொண்டுவரச் சொல்லும் பாடசாலை உங்களைத் திரும்ப முடியாத இடத்துக்கு அழைக்கிறது என்று அர்த்தம். அனுமதி எழுத்தில் இருந்தால், அதற்கு மேல் சந்தேகிக்க ஒன்றுமில்லை. வெறும் வாய்ச்சொல்லை நம்பி, முந்திக்கொள்ளலாம் என்று தாங்களாகவே விடுகைப் பத்திரத்தை எடுத்துவிட்டால், ஒரு பிள்ளைக்கு இரண்டு பாடசாலையும் இல்லாமல் போகும். பெயரும் தரமும் சேரும் திகதியும் எழுதிய கடிதம் கைக்கு வரும்வரை அந்தப் பத்திரம் பழைய பாடசாலையின் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பணத்தைப் பற்றிய குறிப்புகளில் கூடுதல் நிதானம் வேண்டும். கட்டட நிதிக்கு என்ன தருவீர்கள் என்று நேர்முகத்திலேயே கேட்டுவிட்டால், இடம் உறுதி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பதற்கு யாருக்கும் செலவில்லை, எல்லோரிடமும் கேட்கலாம். முதல் கேள்வியை இங்கேயும் போடுங்கள்: சேர்க்காத பிள்ளையின் பெற்றோரிடமும் இதைக் கேட்டிருப்பார்களா? தொகை, எதற்காக, எந்தத் திகதியில், சேராவிட்டால் திருப்பித் தரப்படுமா என்று எழுத்தில் வந்தால் அது ஓர் ஒப்பந்தத்தின் தொடக்கம். பற்றுச்சீட்டு இல்லாமல் வாயால் கேட்பதை இடத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். நகையை அடகு வைக்கும் முடிவை ஒரு சிரிப்பின் பலத்தில் எடுக்கக் கூடாது.

இவ்வளவு நேரமும் வீடு பாடசாலையைப் படிப்பதைப் பார்த்தோம். பாடசாலையும் வீட்டைப் படிக்கிறது. மூன்று பாடசாலைக்கு விண்ணப்பித்தவர் இங்கே உண்மையில் வருவாரா? வந்த பிள்ளை இரண்டு வாரத்தில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடுமா? தவணை தொடங்கிய பின் காலியாகும் கட்டிலை நிரப்புவது கடினம். ஆகவே நேர்முகத்தில் அவர்கள் பார்ப்பது யார் பேசுகிறார் என்பதைத்தான். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொன்னால், அங்கே வர விரும்புவது அப்பா என்று குறித்துக்கொள்வார்கள். பாட்டி வீட்டில் ஒரு மாதம் தனியாக இருந்திருக்கிறேன், என் உடுப்பை நானே துவைப்பேன் என்று பிள்ளை சொன்னால், பரிசுச் சான்றிதழ் கோப்பை விட அது அதிகம் பேசும். பெற்றோரின் ஆர்வத்துக்கும் அதே செலவுக் கணக்குதான். வெளியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வகுப்பு நடக்கும் நாளில் பாடசாலையைப் பார்த்துவிட்டுப் போனது ஓர் ஆர்வம். சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்புவது பெரும்பாலும் சிபாரிசு செய்தவரின் ஆர்வம்.

இந்தக் குழப்பம் ஊவாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பெரிய விடுதிப் பாடசாலைகள் பல, மார்ச் 10 என்ற ஒரே நாளில் முடிவை அறிவித்து, ஏப்ரல் 10க்குள் பெற்றோரின் பதிலைக் கேட்கின்றன. அந்த நாள்வரை, நேர்முகம் செய்தவர் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்புக்கு என்ன பொருள், விளையாட்டுப் பயிற்றுநர் மீண்டும் மின்னஞ்சல் போட்டது எதற்காக என்று அங்குள்ள வீடுகளிலும் இதே அலசல்தான். இங்கிலாந்தின் ஈட்டனில் பிள்ளை பிறந்த கையோடு பெயரைப் பதிவுசெய்யும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது பத்துப் பதினொரு வயதில் பரீட்சையும் நேர்முகமும் வைத்து, பதின்மூன்று வயதுக்கான இடத்தை முன்கூட்டியே நிபந்தனையோடு கொடுக்கிறார்கள் அல்லது காத்திருப்புப் பட்டியலில் வைக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் நாள்தான். அங்கே அலசல் ஒரு குறித்த நாளில் முடிந்துவிடும். நாள் சொல்லாத பாடசாலையில் அது தவணை தொடங்கும்வரை இழுக்கும்.

மௌனத்தையும் அதே நிதானத்தோடு படிக்க வேண்டும். நாள் குறித்துச் சொன்ன பாடசாலை அந்த நாளுக்கு முன் பேசாமல் இருப்பதில் எந்தச் செய்தியும் இல்லை. குறித்த நாள் தாண்டியும் மௌனம் என்றால், பெரும்பாலும் முதல் பட்டியலில் பெயர் இல்லை, ஆனால் முதல் பட்டியலில் உள்ளவர்கள் எல்லோரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். காத்திருப்புப் பட்டியல் என்று சொல்லிவிட்டால் அதில் எத்தனையாவது, கடந்த ஆண்டு அதிலிருந்து எத்தனை பேருக்கு இடம் போனது என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணும் இல்லாத காத்திருப்பு, மறுப்பை மென்மையாகச் சொல்லும் முறையாகவும் இருக்கக்கூடும்.

சொல்ல வந்தது இதுதான்: குறிப்பைப் படிக்கும் திறமை எல்லா வீட்டிலும் சமமாக இல்லை. பழைய மாணவர் சங்கத்தில் ஆள் உள்ள வீடு ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்வதை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துக் கிளார்க் வீடு இரண்டு மாதம் ஊகித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் கெட்டித்தனத்தில் உள்ள வித்தியாசம் அல்ல இது. எத்தனை கட்டில், எந்த அளவுகோல், எந்த நாளில் முடிவு என்று பாடசாலை ஒரு தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். அதற்கு ஆகும் செலவும் பெரிதல்ல.

அந்தத் தாள் வரும்வரை பெற்றோர் கேட்டுத்தான் ஆகவேண்டும். இந்தத் தரத்தில் விடுதியில் எத்தனை இடம்? எப்போது முடிவு சொல்வீர்கள்? எழுத்தில் வருமா? மொத்தச் செலவு எவ்வளவு, எவ்வளவு திருப்பித் தரப்படும்? எங்கள் பிள்ளைக்குத் தமிழும் சமயமும் யார் கற்பிப்பார்? இப்படிக் கேட்டால் அதிபர் முகம் சுளிப்பார், அதனாலேயே இடம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. மரியாதையோடு கேட்ட ஐந்து கேள்விக்கு முகம் சுளிக்கிறவர்கள், நடுத்தவணையில் ஓர் இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டு நீங்கள் தொலைபேசியில் அழைக்கும்போதும் அப்படித்தான் பேசுவார்கள். அந்தப் பாடசாலையில் இடம் கிடைத்தாலும் அனுப்பலாமா என்று அப்போது யோசிக்க வேண்டியது நீங்கள்.